பிறேக் பிடிக்கும்போது விடும் பிழைகள்: கட்டாக்காலி மாடு, கிரவல், முதல் மழை

இரவில் கண்டி–யாழ்ப்பாணம் ஏ-9 வீதியில் மாங்குளம் பக்கம் லைட்டை டிம் பண்ணி ஓடினால், படுத்திருக்கும் கட்டாக்காலி மாடு ஏறத்தாழ 50 மீற்றருக்குள் வந்த பிறகுதான் கண்ணில் படும். மணிக்கு 80 கிலோமீற்றரில் ஓடும் கார், சாரதி மாட்டைக் கண்டு பிறேக்கில் கால் வைக்கும் அந்த ஒரு செக்கனிலேயே 22 மீற்றர் போய்விடும். அதற்குப் பிறகு நிற்க, காய்ந்த தார் வீதியில் ஏறத்தாழ 32 மீற்றர் வேண்டும். நனைந்திருந்தால் அது 60 மீற்றரையும் தாண்டலாம். மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடினால் காய்ந்த வீதியில் எல்லாம் சேர்த்தே 35 மீற்றர்தான். வேகம் இரண்டு மடங்கானால் பிறேக் தூரம் நான்கு மடங்காகும். எந்த விலைகூடிய பிறேக்கும் இந்தக் கணக்கை மாற்றாது. சில்லை மறிப்பதுதான் பிறேக்கின் வேலை. காரை நிறுத்துவது, வீதியைத் தொட்டுக்கொண்டிருக்கும் உள்ளங்கையளவான நான்கு ரயர்த் துண்டுகள்.

மாட்டைக் கண்டதும் முழுப் பிறேக்கையும் அமத்தி ஸ்ரியரிங்கையும் வெட்டுவதுதான் உயிர் போகும் பிழை. ரயருக்கு இருப்பது ஒரே பிடிமானம். அதை முழுக்கப் பிறேக்குக்குக் கொடுத்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சம் இராது. ஏபிஎஸ் (பிறேக் பிடிக்கும்போது சில்லு இறுகாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத காரில் முன்சில்லு இறுகி, ஸ்ரியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேரேதான் போகும். அந்த நேரம் காலைச் சற்று இளக்குங்கள். சில்லு உருளத் தொடங்கியதும் அளவாகத் திருப்பி, கார் நேரானபின் மீண்டும் அமத்துங்கள். ஏபிஎஸ் உள்ள காரில் இதற்கு நேர்மாறு: முழுப் பலத்தோடு அமத்தி, நிற்கும்வரை காலை எடுக்காமல், தேவையான அளவு மட்டும் திருப்புங்கள். பெடல் காலுக்குக் கீழே அதிர்ந்து கடகடக்கும். அதைப் பழுதென்று நினைத்துக் காலை எடுப்பவர்களும், பழைய பழக்கத்தில் விட்டுவிட்டு அமத்துபவர்களும் அந்த இடத்திலேயே பல மீற்றர்களை இழக்கிறார்கள்.

கிரவல் (சரளைக் கல்) வீதியில் ஏபிஎஸ்ஸை நம்பி வேகமாக ஓடக்கூடாது. இறுகிய சில்லு தனக்கு முன்னால் கல்லைக் குவித்து, அதில் முட்டி நிற்கும். ஏபிஎஸ் சில்லை உருளவிடுவதால் அந்தக் குவியல் சேராது. நிற்கும் தூரம் நீளும். ஏ-9இலிருந்து உள்வீதிக்கு இறங்குமுன், தாரில் நேராக ஓடும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

காலபோக அறுவடைக் காலத்தில் வீதியோரம் காயப்போட்ட நெல்லை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எடுக்க வேண்டும். இடப்பக்கச் சில்லுகள் நெல்லிலும் வலப்பக்கச் சில்லுகள் தாரிலும் இருக்கும்போது பிறேக்கை அமத்தினால், பிடிமானம் கூடிய பக்கத்துக்குக் கார் இழுக்கும். எங்கள் வீதிகளில் அது எதிரே வாகனம் வரும் பக்கம். மாரியில் வீதியோரச் சேற்றில் இடச்சில்லு இறங்கினாலும் இதே கதைதான். முதலில் காலை அக்சிலேற்றரிலிருந்து எடுங்கள். நான்கு சில்லும் தாருக்கு வந்தபிறகு பிறேக் பிடியுங்கள்.

நீண்ட கோடைக்குப் பிறகு பெய்யும் முதல் மழையின் ஆரம்ப நிமிடங்களில் புழுதியும் எண்ணெயும் கலந்து வீதி வழுக்கும். ரயரின் பூ (மேற்பரப்பில் வெட்டப்பட்ட பள்ளங்கள்) 1.6 மில்லிமீற்றருக்குத் தேயும்வரை ஓட்டலாம் என்பது பல நாடுகளில் சட்டத்தின் எல்லை. நனைந்த வீதிக்கு 3 மில்லிமீற்றருக்குக் கீழே போகவிடாதீர்கள். பூ நிறைய இருந்தாலும் ரயர் பழையதாக இருக்கலாம். ரயரின் பக்கச் சுவரில் டொட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசியில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். காற்றை ரயர் சூடாகுமுன் அளந்து, சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியுள்ள அளவுக்கே அடியுங்கள்.

குளம் நிரம்பி வான் பாய்ந்து வீதியைத் தண்ணீர் மூடிய இடத்தைக் கடந்ததும் பிறேக் நனைந்திருக்கும். பின்னால் வாகனம் இல்லையென்று பார்த்து, மெதுவாக ஓடியபடியே பெடலை இலேசாகத் தொட்டு, பழைய பிடி திரும்பும்வரை காயவிட்டபிறகு வேகத்தைக் கூட்டுங்கள்.