திருதராஷ்டிரன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் விதம்

இலங்கையில் ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து இஸ்தோப்பில் (முன் திண்ணையில்), மழை நாட்களில் பிள்ளைகளுக்கு மகாபாரதம் சொல்வேன். பற்று என்ன செய்யும் என்று காட்டுவதானால் போரில் தொடங்காதீர்கள். சூதாட்டத்தில் தொடங்குங்கள்.

பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். சகுனி காய் உருட்டும் சத்தம் மட்டும் கேட்கட்டும். நான் புளியங்கொட்டையைத் தகரத் தட்டில் போடுவேன். பார்வையில்லாத ராஜா திருதராஷ்டிரன் ஆவல் தாங்காமல் கேட்கிறான்: "ஜெயிச்சாச்சா? ஜெயிச்சாச்சா?" அப்போது பணயத்தில் இருப்பவள் திரௌபதி, அந்த வீட்டு மருமகள். இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் பேசாமல் இருங்கள். "அவருக்குத் தப்புன்னு தெரியாதா?" என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். தெரியும். விதுரர் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். மகன் துரியோதனன் முகம் வாடக் கூடாது என்ற எண்ணம் அவன் காதையும் அடைத்துவிட்டது.

கெட்டவன் என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். கொழும்புக்கு வேலைக்குப் போகத் துடித்த என் மகனை இரண்டு வருஷம் அழுது அழுது தடுத்தவள் நான். அதையும் பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

போரைச் சீக்கிரம் கடந்துவிடலாம். கடைசியில் இரும்புப் பதுமை. தன் பிள்ளைகளைக் கொன்ற பீமனைக் கட்டியணைக்கக் கூப்பிடுகிறான் திருதராஷ்டிரன்; கண்ணன் பீமனை விலக்கி அந்தப் பதுமையை முன்னால் நிறுத்துகிறான். பீமன் என்று நினைத்துக் கட்டிப்பிடித்து நொறுக்குகிறான். வாயில் ரத்தம் வருகிறது. இந்த இடத்தில் கொழுந்துச் சாக்கை உருட்டி ஒரு பிள்ளையிடம் கொடுத்து, கை நோகும்வரை இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள்.