ஸ்ட்ரீமரும் டிஏசியும் ஒத்துப்போகாதபோது செய்ய வேண்டியவை

கணினியில் குறையின்றி ஒலிக்கும் டிஏசி (டிஜிட்டல் ஒலியை அனலாக் ஒலியாக மாற்றும் கருவி), ஸ்ட்ரீமரில் (இணையத்திலிருந்தோ சேமிப்பிலிருந்தோ பாடல்களை எடுத்து அனுப்பும் கருவி) இணைத்ததும் ஊமையாகிவிடுவதோ வெறும் இரைச்சலை எழுப்புவதோ அடிக்கடி நேர்கிறது. பழுது என்று முடிவு கட்டி மின்னணுக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்கு எடுத்துச் செல்வதற்கு முன், ஸ்ட்ரீமர் எந்த வடிவத்தில் அனுப்புகிறது, அந்த இணைப்பின் வழியாக டிஏசி எதை ஏற்கிறது என்ற இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலான சிக்கல்கள் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

முதலில் ஆம்ப்ளிஃபையரின் ஒலியளவைக் குறைத்துவிடுங்கள். ஸ்ட்ரீமரில் அப்சாம்ப்ளிங்கையும் (மாதிரி வேகத்தைச் செயற்கையாக உயர்த்துவது) டிஎஸ்டி (ஒரு பிட் ஓடையாகப் பதியும் ஒலி வடிவம்) வெளியீட்டையும் நிறுத்திவிட்டு, 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வேகம் (ஒரு நொடியில் ஒலியை அளக்கும் எண்ணிக்கை) கொண்ட குறுந்தகட்டுத் தரப் பாடல் ஒன்றை ஒலிக்கச் செய்யுங்கள். அது ஒலித்தால் கம்பியும் அடிப்படை இணைப்பும் சரி என்று கொள்ளலாம். பிறகு 96, 176.4, 192 எனப் படிப்படியாக உயர்ந்த தரமுள்ள கோப்புகளை இயக்கிப் பார்த்தால், ஒலி எங்கே நிற்கிறதோ அதுவே உங்கள் இணைப்பின் எல்லை.

யூ.எஸ்.பி. இணைப்பில் அந்த எல்லை 96 கிலோஹெர்ட்ஸ் என்றால், டிஏசி யூ.எஸ்.பி. ஆடியோ கிளாஸ் 1 என்ற பொது விதிமுறையில் இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அம்முறை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கொண்டு செல்லும். சில டிஏசிகளில், இன்னும் உயர்ந்த தரங்களை ஏற்கும் கிளாஸ் 2-க்கு மாற்றிக்கொள்ளப் பொத்தானோ மெனுவோ இருக்கும். எந்தத் தரத்திலுமே ஒலி வரவில்லை என்றால் காரணம் வேறு. பல ஸ்ட்ரீமர்கள் லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்குகின்றன. கிளாஸ் 2 விதிகளைப் பின்பற்றும் டிஏசியை லினக்ஸ் தனி டிரைவர் (இயக்கி மென்பொருள்) இல்லாமலே அடையாளம் காணும். தயாரிப்பாளரின் சொந்த டிரைவரை மட்டுமே நம்பியிருக்கும் டிஏசியோ, அந்த டிரைவர் நிறுவப்பட்ட விண்டோஸ் கணினியில் ஒலிக்கும், ஸ்ட்ரீமரில் ஒலிக்காது. மேக் கணினியில் டிரைவர் இல்லாமல் இயங்கும் டிஏசி லினக்ஸிலும் இயங்க வாய்ப்பு அதிகம் என்பதால், வாங்குவதற்கு முன் கடையில் அவ்வாறு இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் ஸ்ட்ரீமரையே எடுத்துச் செல்ல முடிந்தால் அதைவிட நல்ல சோதனை இல்லை.

மின்சாரத்தையும் கவனிக்க வேண்டும். ஸ்ட்ரீமராகவும் பயன்படும் சிறு கணினியான ராஸ்பெரி பை 4-இன் நான்கு யூ.எஸ்.பி. துளைகளும் சேர்ந்து 1.2 ஆம்பியர் வரைதான் தரும். அதில் ஒரு ஹார்ட் டிஸ்க்கும், தனி மின்னிணைப்பு இல்லாத டிஏசியும் சேர்ந்தால் டிஏசியின் இணைப்பு அவ்வப்போது அறுந்து போகலாம்; தனி அடாப்டர் கொண்ட யூ.எஸ்.பி. ஹப் இதைத் தீர்க்கும்.

டிஎஸ்டி கோப்புகளில்தான் குழப்பம் மிகுதி. நேட்டிவ் டிஎஸ்டி (உருமாற்றாமல் அப்படியே அனுப்பும் முறை) இயங்க, அந்த டிஏசி மாதிரியை ஸ்ட்ரீமரின் மென்பொருள் அறிந்திருக்க வேண்டும். இல்லையெனில், டிஎஸ்டி தரவைச் சாதாரண டிஜிட்டல் ஒலியின் உறையில் வைத்து அனுப்பும் டிஓபி முறையைத் தேர்ந்தெடுங்கள். டிஓபியில், டிஎஸ்டியின் அடிப்படைத் தரமான டிஎஸ்டி 64 செல்வதற்கு 176.4 கிலோஹெர்ட்ஸ் தேவை. ஒளியால் தகவலை அனுப்பும் பல ஆப்டிகல் இணைப்புகள் 96-க்கு மேல் நிலைப்பதில்லை. மின்கம்பி வழியான கோஆக்சியல் இணைப்பு பெரும்பாலும் 192 வரை தாங்கும். டிஓபி அனுப்பும்போது ஸ்ட்ரீமரின் ஒலியளவை 100 சதவீதத்தில் நிலைநிறுத்தி, ஈக்வலைசரையும் நிறுத்திவிடுங்கள். ஒரு பிட் மாறினாலும் டிஏசி அதனை டிஎஸ்டி என்று அறியாமல் இரைச்சலாக வெளியிடக்கூடும்.

குறுந்தகட்டிலிருந்து எடுத்த கச்சேரி 44.1-இலும், காணொளிப் பதிவிலிருந்து எடுத்தது பெரும்பாலும் 48-இலும் இருக்கும். இரண்டையும் கலந்து கேட்கையில், மாதிரி வேகம் மாறும் கணத்தில் ‘டிக்’ ஓசை எழுவதும், பாடலின் முதல் சுவரம் விழுங்கப்படுவதும் உண்டு. ஆலாபனையின் தொடக்கத்தை இழப்பது உண்மையிலேயே வேதனை தரும். ஸ்ட்ரீமரில் ‘ரீசிங்க் டிலே’ போன்ற தாமத அமைப்பு இருந்தால் சில நூறு மில்லிசெகண்ட் கூட்டிப் பாருங்கள். பாடலின் நடுவிலேயே ஒலி அறுபடுகிறது என்ற ஐயம் இருந்தால், தம்புரா சுருதியை மட்டும் நீண்ட நேரம் ஓடவிடுங்கள்; அதில் மிகச் சிறிய அறுபடலும் மறையாது.

எல்லாம் ஒலித்தும் ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் முனகல் கேட்டால், அது எர்த் சுற்றாக (கருவிகளின் எர்த் இணைப்புகளுக்கிடையே மின்னோட்டம் சுற்றிவருவது) இருக்கலாம். கருவிகள் அனைத்தையும் ஒரே பிளக் பாயின்டிலிருந்து இயக்கிப் பாருங்கள். அப்படியும் நீங்காவிட்டால் ஆப்டிகல் கம்பிக்கு மாறுங்கள். அதில் மின்தொடர்பே இல்லாததால், ஸ்ட்ரீமர் வழியாக வரும் முனகல் அத்துடன் நின்றுவிடும்.