மாதத்துக்கு ஒரு விளையாட்டு: குழந்தையின் முதல் ஆண்டைப் பெற்றோரும் ரசிக்க

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்து, 3ஆம் மாதம் முதல் 21ஆம் மாதம் வரையுள்ள ஒற்றைப்படை மாதங்களில் ஒவ்வொன்றாக வைத்தார்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை என்று செல்லும் அந்த வரிசையைப் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது அது எனக்கு வெறும் பட்டியலாகவே இருந்தது. வீட்டில் ஒரு குழந்தை புரண்டு, தவழ்ந்து, கைகொட்டத் தொடங்கிய பிறகு அதையே மறுபடி படித்தபோது, தொட்டிலுக்குப் பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்து பார்த்த யாரோ எழுதிவைத்த குறிப்பாகத் தெரிந்தது.

என் மூத்த மகளின் முதல் ஆண்டு, எத்தனை முறை பால் குடித்தாள், எவ்வளவு எடை கூடினாள், எத்தனை மணிக்குத் தூங்கினாள் என்ற கணக்குகளிலேயே ஓடிவிட்டது. மகன் பிறந்த பிறகுதான், குழந்தை அந்தந்த மாதத்தில் எதைச் செய்ய முயல்கிறதோ அதில் நாமும் சேர்ந்துகொண்டால் போதும், அதுவே அதற்கு விளையாட்டு, நமக்கும் மகிழ்ச்சி என்பது புரிந்தது. முதல் குழந்தையைக் கையில் ஏந்தியிருக்கும் தாய்க்கும் தந்தைக்கும் நான் சொல்ல விரும்புவது அதைத்தான். கீழே சொல்லும் மாதக் கணக்கு ஒரு தோராயமே. ஒரு குழந்தை நான்கு வாரம் முந்தும், இன்னொன்று ஆறு வாரம் பிந்தும்.

முகமும் குரலும்

பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மார்பில் பால் குடிக்கும் குழந்தைக்கும் தாயின் முகத்துக்கும் இடையே உள்ள தூரமும் ஏறக்குறைய அதுவே. எனவே முதல் மூன்று மாதங்களுக்கு உங்கள் முகத்தைவிடச் சிறந்த விளையாட்டுப் பொருள் எந்தக் கடையிலும் கிடையாது. பால் குடித்து, ஏப்பம் விட்டு, அழாமல் விழித்திருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் குழந்தையை மடியில் கிடத்தி, அதன் முகத்துக்கு நேராகக் குனிந்து, புருவத்தை உயர்த்தியும் வாயைக் குவித்தும் காட்டுங்கள். இரண்டாம் மாதம் நெருங்கும்போது அது "ங்கா" என்று குரல் கொடுக்கும். நீங்களும் "ங்கா" என்று சொல்லிவிட்டு, மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். பெரும்பாலும் நாம் காத்திருக்காமல் பேசிக்கொண்டே போய்விடுகிறோம்; அந்த ஐந்து எண்ணிக்கைக்குள்தான் பதில் வரும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள், தூக்கத்தில் தானாக வரும் சிரிப்பு போலன்றி, உங்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பும் வந்துவிடும்.

வண்ணமயமான பொம்மைகளைவிடக் கறுப்பும் வெள்ளையும் அழுத்தமாகப் பிரிந்து நிற்கும் உருவங்களையே இந்த வயதுக் குழந்தை உற்றுப் பார்க்கும். கறுப்பு அட்டையில் சாக்பீஸால் பெரிய புள்ளிகள் வைத்து ஒரு சிக்குக் கோலம் போட்டு, குழந்தை தலை திருப்பும் பக்கத்தில் சாய்த்து வையுங்கள். கோடு வளைந்து செல்லும் இடங்களில் அந்தக் கண்கள் ஊர்ந்து செல்வதை அருகில் இருந்து பார்ப்பது ஒரு தனி இன்பம்.

தந்தையர் பலர், குழந்தை கொஞ்சம் பெரிதானதும் விளையாடலாம் என்று ஒதுங்கி நிற்கிறார்கள். அது வேண்டாம். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்து மருத்துவமனை ஒன்றில், எடை குறைந்து பிறந்த குழந்தைகளைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைக்கும் முறை தொடங்கியது. கங்காரு பராமரிப்பு என்று இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் அதைத் தந்தையும் செய்யலாம். சட்டையைக் கழற்றிவிட்டுச் சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, இடுப்புத்துணி மட்டும் கட்டிய குழந்தையை நெஞ்சின் மேல் நிமிர்த்திப் படுக்க வைத்து, அதன் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, முதுகை மெல்லிய துண்டால் போர்த்துங்கள். உங்களுக்குத் தூக்கம் வந்தால் மட்டும் உடனே எழுந்து, குழந்தையைத் தொட்டிலில் மல்லாந்து படுக்க வைத்துவிட வேண்டும்.

தாலாட்டுக்குப் பாட்டுத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தால் என்றால் நாக்கு. நாவை ஆட்டி ஒலி எழுப்பினாலே அது தாலாட்டுத்தான். கிராமத்துத் தாலாட்டுகளில் தாய்மாமன் கொண்டுவந்த கொலுசும், பாட்டன் ஊர் வயலும், அத்தையின் பெயரும் வருவதைக் கேட்டிருப்பீர்கள். பாடுபவர் தம் வாழ்க்கையில் இருப்பதையே எடுத்துப் பாடினார். என் கணவர் தினமும் வேலைக்குச் செல்லும் மின்சார ரயிலின் நிலையங்களை ஆராரோவோடு சேர்த்துப் பாடுவார்: தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல். பெரும்பாலான இரவுகளில் மாம்பலம் வருவதற்கு முன்பே மகன் கண்களை மூடிவிடுவான். இன்றைக்கும் அந்தப் பெயர்களை எங்காவது கேட்டால் அவருக்குத் தோளில் ஒரு சின்னத் தலையின் பாரம் நினைவுக்கு வருகிறதாம்.

எண்ணெயும் வெந்நீரும்

கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்களின் மேல் கிடத்திக் குளிப்பாட்டும் பாட்டியின் கைத்திறனை அவர் இருக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, தொடையிலிருந்து பாதம் வரை மெதுவாக இழுத்து நீவி, ஒவ்வொரு விரலையும் தொடும்போது அதன் பெயரைச் சொல்லுங்கள். பால் குடித்த உடனே செய்யாதீர்கள். குழந்தை முகத்தைத் திருப்பினாலோ சிணுங்கினாலோ நிறுத்திவிடுங்கள். குளிப்பாட்டும் நீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள், ஏனெனில் உள்ளங்கை சூட்டுக்குப் பழகிப்போனது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் ஊதுவது, மார்புக் காம்பைப் பிதுக்குவது, சாம்பிராணிப் புகை காட்டுவது ஆகிய நான்கையும் பெரியவர்களிடம் அன்போடு, ஆனால் உறுதியாக, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். புகை அந்தச் சின்ன நுரையீரலுக்கு ஆகாது, எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும்.

செங்கீரை ஆடும் காலம்

ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவதே செங்கீரை. அந்த ஆட்டத்துக்குக் கழுத்திலும் தோளிலும் வலு வேண்டும். அந்த வலு குப்புறப் படுத்திருக்கும் நேரத்தில்தான் வருகிறது. தவழத் தொடங்காத குழந்தை விழித்திருக்கும்போது நாள் முழுவதும் சேர்த்துக் குறைந்தது 30 நிமிடம் குப்புறப் படுத்திருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. முதல் வாரங்களில் இரண்டு மூன்று நிமிடமே போதும். தூங்கும்போது மட்டும் எப்போதும் மல்லாந்தே படுக்க வேண்டும்.

இதைக் கடமையாகச் செய்தால் குழந்தை அழும், நமக்கும் சலிப்புத் தட்டும். பாயை விரித்து நீங்களும் எதிரே குப்புறப் படுத்துக்கொள்ளுங்கள். நன்றாகத் தேய்த்த எவர்சில்வர் தட்டு ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்தபோது, என் மகன் அதில் கலங்கலாகத் தெரிந்த உருவத்தைப் பார்த்துத் தலையைத் தூக்கினான், கழுத்து நடுங்கியது, தலை பாயில் விழுந்தது, மறுபடி தூக்கினான். அந்த உருவமும் தலையைத் தூக்கியது. ஐந்தாவது முறை தட்டை நக்கினான். அன்று நாங்கள் இருவரும் அரை மணி நேரம் அவனுக்கு எதிரே படுத்தே கிடந்தோம்.

குப்புற விழுந்தால் ஒரு பலகாரம், தவழ்ந்தால் ஒன்று, வாசற்படி தாண்டினால் ஒன்று என்று செய்து அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. உங்கள் வீட்டில் அது இல்லாவிட்டாலும் தொடங்கிவைக்கலாம். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் தாய்க்கு, ஒரு தட்டைக் கையில் ஏந்திப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட அது ஒரு நல்ல காரணம்.

சோறும் நிலாவும்

ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூடத் தேவையில்லை. அதன் பிறகு, பிடித்தால் ஆடாமல் உட்காரும் குழந்தைக்கு உணவே பெரிய விளையாட்டு. பழைய துணியை விரித்து, நெய் விட்டுக் குழைத்த பருப்புச் சோற்றைத் தட்டில் வைத்து, கை போட்டு அளையவிடுங்கள். முதல் பத்து நாள் வயிற்றுக்குள் போவது சொற்பம், மீதியெல்லாம் முடியில் இருக்கும்; அதனால் உணவைக் குளியலுக்கு முன்பு வைத்துக்கொள்வது வசதி. ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் சேர்க்க வேண்டாம். தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும் என்பதால், பிறந்தவுடன் நாக்கில் தேன் தொட்டு வைக்கும் சேனையையும் தவிர்த்துவிடுங்கள்.

அம்புலியைப் பிள்ளைத்தமிழ் 15ஆம் மாதத்தில் வைத்தாலும், சோறூட்டத் தொடங்கிய நாளிலிருந்தே நம் வீடுகளில் குழந்தை மொட்டைமாடிக்குப் போய்விடுகிறது. இதற்கு நாள் பார்த்துக்கொள்வது நல்லது. வளர்பிறை அட்டமியிலிருந்து பௌர்ணமி வரை சூரியன் மறையும்போதே நிலா வானத்தில் இருக்கும். பௌர்ணமி கழிந்தால் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளித் தள்ளி உதிக்கும் என்பதால், அதற்குள் குழந்தை தூங்கிவிடும். ஆறாம் மாதத்தில் நிலாவைச் சுட்டிக்காட்டினால் அது உங்கள் விரலையே பார்க்கும். தினமும் காட்டிக்கொண்டே இருங்கள். பத்தாம் மாதத்தை ஒட்டி ஒரு மாலையில், விரலை விட்டுவிட்டு அந்தத் தலை வானத்தை நோக்கித் திரும்பும். நீங்கள் பார்ப்பதைத் தானும் பார்க்க வேண்டும் என்று அது முதன்முதலாக விரும்பிய கணம் அது.

சாப்பாட்டின்போது கைப்பேசியைக் காட்டாதீர்கள். ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது அதே 2019 வழிகாட்டி. அயலூரில் இருக்கும் தாத்தா பாட்டியோடு பேசும் காணொளி அழைப்பை மட்டும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு விலக்காக வைத்திருக்கிறது. அவர்கள் வெறுமனே நலம் விசாரிக்காமல், தினமும் ஒரே பாட்டைப் பாடும்படி கேளுங்கள். சில வாரங்களில் பாட்டு தொடங்கியதும் குழந்தை காலை உதைக்கும்.

சப்பாணியும் அடுக்களையும்

எட்டு, ஒன்பது மாதத்தில், கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமல் போய்விடவில்லை என்பது குழந்தைக்குப் புரியத் தொடங்குகிறது. முகத்தைத் துண்டால் மூடித் திறக்கும் விளையாட்டு அதற்கு அப்போது அவ்வளவு பிடிப்பது அதனால்தான். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பதும் குறும்பு அன்று. விழும் பொருள் எங்கே போகிறது, அம்மா என்ன செய்கிறாள் என்ற சோதனை. பத்து முறையாவது எடுத்துக் கொடுங்கள். சப்பாணி என்று புலவர்கள் சொன்ன கைகொட்டுவதும் இந்தக் காலத்தில்தான் வரும். கைவீசவும் சாய்ந்தாடவும் சொல்லும் நம் வீட்டுப் பாட்டுகளை மடியில் எதிரெதிராக உட்கார்ந்து பாடி, கடைசி அடிக்கு முன் சட்டென்று நிறுத்துங்கள். தொடரும்படி குழந்தையே உங்கள் கைகளைப் பிடித்து இழுக்கும்.

அடுக்களையில் கீழ்த்தட்டு ஒன்றைக் குழந்தைக்கே ஒதுக்கிவிட்டால் நீங்கள் சமைக்கும் நேரமும் விளையாட்டாகிவிடும். இரண்டு கிண்ணம், ஒரு மரக்கரண்டி, மூடியுள்ள டப்பா ஒன்று போதும். அடுப்புக்கும் சூடான பாத்திரத்துக்கும் எட்டாத மூலையாக இருக்க வேண்டும். அதற்கு முன் நீங்களே ஒருமுறை வீடு முழுக்கத் தவழ்ந்து பாருங்கள்; கட்டிலுக்கு அடியில் கிடக்கும் புளியங்கொட்டை, நாணயம், கடிகார பேட்டரி எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

உட்கார்ந்து உருட்டும் வாக்கர் யாராவது பரிசாகக் கொடுத்தாலும் பயன்படுத்தாதீர்கள். அது குழந்தையைச் சீக்கிரம் நடக்க வைக்காது. படியில் உருண்டு விழும் ஆபத்து மட்டும் அதிகம். கனடா 2004இலேயே அதைத் தடை செய்துவிட்டது. தானாக எழுந்து நிற்கும் குழந்தை பின்னால் நின்று தள்ளும் மரத்து நடைவண்டி வேறு. ஆள் கூடவே இருந்தால் அது நல்ல துணை.

உங்களுக்கென்று கொஞ்சம்

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம், அன்று குழந்தை செய்த ஒன்றை ஒரே வரியில் எழுதி ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள். ஒருநாள் தாயும் மறுநாள் தந்தையும் எழுதினால், ஒருவர் பார்க்காததை மற்றவர் தெரிந்துகொள்வார். மாலை ஐந்து மணிக்கு மேல் மூவருமாக இருபது நிமிடம் தெருவில் நடந்துவிட்டு வாருங்கள். இவை எதிலும் தாய்க்கு மனம் ஒட்டாமல், அழுகையும் வெறுமையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது சோம்பலோ பாசக்குறைவோ அன்று. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவத்தால் குணமாகும். வீட்டில் உள்ளவர்கள் முன்வந்து அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

ஆண்டு நிறைவை ஒட்டி வருகைப் பருவம் தொடங்கும். தரையில் ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, தாயும் தந்தையும் மூன்றடி இடைவெளியில் எதிரெதிரே உட்கார்ந்துகொள்ளுங்கள். குழந்தையின் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். உள்ளங்கால் தரையை உணரும்படி வெறுங்காலோடு நிற்கவிட்டு, எதிரே இருப்பவர் கைகளை நீட்டி "வா" என்று மட்டும் சொல்லுங்கள். முதல் நாள் அது அப்படியே உட்கார்ந்துவிட்டால், மறுநாள் மாலையும் அதே இடத்தில் உட்காருங்கள்.