தோட்டப்புற மண்டபத்துக்கு ஒலி, ஒளி, திரை: கொட்டேஷனில் கையெழுத்திடும் முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளி நிதி திரட்டும் விருந்துக்கோ, கோயில் திருவிழாவின் கலை இரவுக்கோ ஒலி ஒளி நிறுவனத்தாரை அழைத்தால், இப்போது வரும் கொட்டேஷனின், அதாவது விலைப்பட்டியலின், முதல் வரியிலேயே எல்இடி திரை நிற்கும். அதைத் தொடர்ந்து லைன் அரே (பல பெட்டிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய) ஒலிபெருக்கி, சுழலும் விளக்குகள், பொறி உமிழும் இயந்திரம், நேரலை எனப் பட்டியல் நீளும். எல்லாம் நல்ல கருவிகள்தாம். ஆனால் செங்கல் சுவரும் தகரக் கூரையும் இருபுறம் கண்ணாடிச் சன்னலுமாக இருக்கும் நம் பொது மண்டபத்தில் எதற்குப் பணம் கொடுப்பது, எதை நீக்கச் சொல்வது என்பதை ஏற்பாட்டுக் குழுதான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். நம் நாட்டின் 230 வோல்ட் மின்சாரத்தில் 13 ஆம்பியர் பிளக் ஒன்று ஏறத்தாழ 3,000 வாட் வரைதான் தாங்கும். 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் கொண்ட எல்இடி திரை, முழு வெளிச்சத்தில் எரியும்போது தனியாகவே அந்த அளவைத் தாண்டக்கூடும். அதே இணைப்பில் சமையலறையின் வெந்நீர்க் கலமும் மின்விசிறிகளும் ஓடினால், சிறப்பு விருந்தினர் பேச எழும் நேரத்தில் மண்டபம் இருளில் மூழ்கும். ஆகவே மண்டபத்தில் கூடுதல் சுமை தாங்கும் மும்முனை (திரீ ஃபேஸ்) மின்சாரம் உண்டா என்று நிர்வாகியிடம் கேளுங்கள்; இல்லையென்றால் ஜென்செட்டுக்கான (மின்னாக்கிக்கான) வாடகையையும் கொட்டேஷனிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ஒலிக் கருவிகளுக்கும் விளக்குகளுக்கும் தனித்தனி இணைப்பு இருந்தால், ஒலிபெருக்கியில் வரும் இரைச்சலும் பெரும்பாலும் குறையும்.

திரையைப் பற்றிப் பேசும்போது பி3.9, பி2.9 என்பார்கள். இரு ஒளிப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தொலைவை மில்லிமீட்டரில் குறிக்கும் எண் அது. அந்த எண் எவ்வளவோ, பார்வையாளர் ஏறத்தாழ அத்தனை மீட்டராவது தள்ளி அமர வேண்டும் என்பது தொழிலில் வழங்கும் பொதுக் கணக்கு. முதல் வரிசை மேசை ஐந்து மீட்டருக்கு அப்பால் இருக்கையில், பி2.6 திரைக்குக் கூடுதல் வாடகை கொடுப்பது வீண். ஆனால் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 500 மில்லிமீட்டர் சதுரமான பி3.9 பலகை ஒன்றில் 128 புள்ளிகள் நீளத்திலும் 128 புள்ளிகள் உயரத்திலும் இருக்கும். அப்படி 24 பலகைகளைச் சேர்த்த 3 மீட்டருக்கு 2 மீட்டர் திரையில் கிடைப்பது 768க்கு 512 புள்ளிகள் மட்டுமே. பரிசு பெறும் மாணவர் பெயர்களைச் சிறிய எழுத்தில் அடுக்கி அனுப்பினால் முதலில் காணாமற்போவது மெய்யெழுத்தின் புள்ளிதான். ‘ம்’ என்பது ‘ம’ ஆகிவிடும், பெற்றோர் முகம் சுளிப்பார்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு பெயர்களுக்கு மேல் வேண்டாம், எழுத்து தடிமனாக இருக்கட்டும், படத்தை அந்தத் திரையின் அளவுக்கே தயாரியுங்கள். திறந்தவெளித் திரையை மண்டபத்துக்குள் போட்டால் வெளிச்சத்தை நன்றாகக் குறைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒளிப்படங்களில் மேடையில் நிற்பவர் முகம் கறுத்துவிடும்.

பணத்தை எங்கே கூடுதலாகச் செலவிடுவது என்று என்னைக் கேட்டால், பேச்சு தெளிவாகக் கேட்பதற்கே என்பேன். ஒரு பக்கத்துக்கு நான்கு பெட்டிகள் மட்டும் அடுக்கிய லைன் அரே, தாழ்ந்த கூரையுள்ள மண்டபத்தில் பெரும்பாலும் அலங்காரமே. நீண்ட அடுக்காக உயரத் தொங்கவிடும்போதுதான் அது தொலைவுக்குச் சீராக ஒலியைக் கொண்டுசெல்லும். நம் மண்டபத்தின் சிக்கல் தொலைவு அன்று, எதிரொலி. முன்னால் அளவான சத்தத்தில் ஒரு ஜோடி, மண்டபத்தின் நடுவில் மெல்லிய தூண் வடிவ ஒலிபெருக்கி இன்னொரு ஜோடி என்று பிரித்து வைத்தால் கடைசி மேசைக்கும் சொல் புரியும். நம் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் செல்வதால், 20 மீட்டர் தள்ளியிருக்கும் அந்த ஜோடியின் ஒலி முன்னாலிருந்து வரும் ஒலியோடு சேர்ந்து கேட்க, அதற்குச் சுமார் 58 மில்லிநொடி தாமதம் கொடுக்க வேண்டும். ‘டிலே போடுவீர்களா’ என்று கேட்டாலே அனுபவமுள்ளவர் புரிந்துகொள்வார். டிஜிட்டல் மிக்சர் (எல்லா மைக்குகளின் ஒலியையும் கலந்து சீராக்கும் கருவி) உள்ளவரைத் தேர்ந்தெடுங்கள். டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் நின்றபடியே அவர் சத்தத்தைச் சரிசெய்யலாம், ஒவ்வோர் அங்கத்துக்கும் உரிய அமைப்பை முன்கூட்டியே சேமித்தும் வைக்கலாம். உறுமி மேளத்துக்கு மண்டபத்துக்குள் மைக் வேண்டியதில்லை. அது நுழையும்போது மேடை மைக்குகளை மூடிவிட ஒருவர் இருந்தால் போதும். தகரக் கூரையில் மழை கொட்டினால் எந்த ஒலிபெருக்கியும் வெல்லாது. உரையைத் தள்ளிவைத்து நடனத்தை முன்னே விடுங்கள்.

கம்பியில்லா மைக்கின் அலைவரிசையையும் எழுத்தில் கேளுங்கள். 2019இல் பழைய தொலைக்காட்சி ஒளிபரப்பு முழுமையாக நின்ற பிறகு 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி கைப்பேசிச் சேவைக்குப் போய்விட்டது. அந்தப் பகுதியில் இயங்கும் பழைய மைக்குகள் மலிவாகக் கிடைத்தாலும் விழா நடுவில் கரகரக்கும்.

விளக்குகளில் மேடையின் முன்பக்கம் வெள்ளொளி போதுமானதாக இருந்தால், சுழலும் விளக்குகள் நான்கே போதும். பொறி உமிழும் இயந்திரம் வெடிமருந்தைப் பயன்படுத்துவதில்லை, ஆனால் எரியும் உலோகத் துகள்களைத்தான் உமிழ்கிறது. காகிதத் தோரணமும் சேலை முந்தானையும் அருகில் வரக்கூடாது.

திடலில் மேடை என்றால் அலுமினியச் சட்டகத்துக்கு எவ்வளவு எடை கட்டுகிறார்கள், எந்தக் காற்று வேகத்தில் திரையை இறக்குவார்கள், அந்த முடிவை யார் எடுப்பார் என்று மூன்றையும் கேளுங்கள். 2011இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலக் கண்காட்சியில், புயற்காற்றில் தற்காலிக மேடைக்கூரை சரிந்து ஏழு பேர் இறந்தனர். நம் மாலை நேர இடிமழையும் முன்னறிவிப்பின்றியே வரும்.

நேரலைக்கு, விழா நடக்கும் அதே மாலை வேளையில், மண்டபத்துக்குள்ளேயே நின்று பதிவேற்ற வேகத்தைச் சோதியுங்கள். முழு எச்டி படத்துக்கு நொடிக்கு 6 மெகாபிட் என்ற நிலையான வேகமாவது வேண்டும். இரு வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகள் கைவசம் இருக்கட்டும். ஒலியைக் கேமராவின் மைக்கிலிருந்து எடுக்காமல் மிக்சரிலிருந்து நேராக எடுக்கச் சொல்லுங்கள். இணைப்பு அறுந்தாலும் காணொளி கைக்குக் கிடைக்கும்படி, கேமராவின் நினைவக அட்டையிலும் ஒரு பதிவு ஓடட்டும்.