கடைசி நேரத்தில் கூப்பிடாதீர்கள்: மருத்துவ ஆய்வில் மக்களைச் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மானிய விண்ணப்பம் அனுப்ப மூன்று நாள்தான் இருக்கிறது, ஆய்வைத் திட்டமிடுவதில் நோயாளிகளும் பொதுமக்களும் எப்படி உதவினார்கள் என்று சொல்லும் 'பொதுமக்கள் பங்கேற்பு' பகுதி மட்டும் காலி. உடனே தெரிந்த ஒரு நோயாளிக்கு போன் போட்டு, நாற்பது பக்க ஆய்வுத் திட்டத்தை அனுப்பி, "படித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள், நாளைக்குள் கிடைத்தால் நல்லது" என்கிறோம். அவர் பாவம், "நன்றாக இருக்கிறது" என்று பதில் போடுகிறார். சரி, ஆலோசனை முடிந்தது!

மற்ற தவறுகள் பலவற்றுக்கும் வேர் இந்தத் தாமதம்தான். அதற்குள் ஆய்வுக் கேள்வி, எதை அளப்பது, பட்ஜெட் எல்லாமே முடிவாகியிருக்கும். வந்தவர் திருத்துவதற்கு மிச்சம் இருப்பது, ஆய்வில் சேருபவர்கள் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தில் நாலு வரி.

முடக்குவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டு வீக்கம், வலி, ரத்தப் பரிசோதனை என்று வருடக்கணக்காக அளந்துகொண்டிருந்தார்கள். மருந்து ஆய்வுகளில் எதை அளக்க வேண்டும் என்று பேசும் ஓமெராக்ட் என்ற சர்வதேசக் கூட்டத்தில் 2002-ல் நோயாளிகளும் உட்கார்ந்தபோதுதான், தூங்கி எழுந்தாலும் விலகாத, ஆளையே அடித்துப்போடும் அந்தச் சோர்வை ஏன் யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்ற கேள்வி வலுவாக எழுந்தது. சில வருடங்களில் சோர்வையும் அளக்க வேண்டும் என்ற பரிந்துரை வந்தது. அவர்களை ஒப்புதல் படிவம் திருத்த மட்டும் கூப்பிட்டிருந்தால் இது நடந்திருக்குமா?

கூட்டம் நடத்தும் விதத்திலும் கோட்டை விடுகிறோம். இதே முடக்குவாத நோயாளிகளைக் காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்னால் எப்படி வருவார்கள்? காலையில்தான் மூட்டுகள் இறுகிக் கிடக்கும். சட்டைப் பொத்தானைப் போடவே விரல் மடங்காது. அப்புறம் "கூப்பிட்டோம், யாரும் வரவில்லை" என்று அறிக்கையில் எழுதுவது. வந்துவிட்டாலும், பத்துப் பதினோரு ஆய்வாளர்களுக்கு நடுவே ஒரே ஒரு ஆளை உட்கார வைத்துப் புள்ளியியல் பாஷையில் பேசினால், அவர் தலையாட்டத்தான் செய்வார். குறைந்தது இரண்டு பேராவது இருக்கட்டும், பக்கத்தில் இருப்பவரிடம் "உங்களுக்குப் புரிந்ததா?" என்று கேட்கவாவது ஒரு துணை வேண்டாமா? மக்கள் பங்கேற்பைப் பற்றி எழுதிய அமெரிக்கர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-ல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாகப் பிரித்தார். அதில் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, சமாதானப்படுத்த ஒரு இடம் தருவது மூன்றையும் ஒப்புக்குச் செய்யும் காரியம் என்றே வைத்தார். முடிவெடுப்பதில் கைவைக்கும் அதிகாரம் அதற்கு மேல்தான். நம்மில் பலர் கருத்துக் கேட்கும் படியிலேயே நின்றுவிடுகிறோம் என்பது என் எண்ணம்.

இன்னொரு குழப்பம்: ஆய்வில் மருந்து எடுத்துக்கொள்பவரும் ஆய்வை வடிவமைக்க உதவுபவரும் ஒன்றல்ல. "எங்களிடம் 300 நோயாளிகள் இருக்கிறார்கள், இதைவிடப் பங்கேற்பு வேண்டுமா?" என்று கேட்பவர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்.

ஊர் மக்களின் சந்தேகத்தை, "சரியாக விளக்கவில்லை, அவ்வளவுதான்" என்று ஒதுக்குவதும் ஆபத்து. எச்ஐவி தொற்றைத் தடுக்குமா என்று டெனோபோவிர் மாத்திரையை கம்போடியாவில் பாலியல் தொழிலாளர்களிடம் சோதிக்கவிருந்த ஆய்வு, 2004-ல் ஆள் சேர்க்கும் முன்பே நின்றுபோனது. பக்கவிளைவு வந்தால் ஆய்வு முடிந்த பிறகு எங்களை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது அந்தப் பெண்கள் கேட்ட முக்கியமான கேள்வி. நியாயமான கேள்விதானே? பதில் முதலிலேயே தயாராக இருந்திருக்க வேண்டும். இந்த மாதிரி அனுபவங்களுக்குப் பிறகுதான் 2007-ல் ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பான யுஎன்எய்ட்ஸும், எச்ஐவி தடுப்புக்காகக் குரல் கொடுக்கும் ஏவாக் அமைப்பும் சேர்ந்து எச்ஐவி தடுப்பு ஆய்வுகளுக்கான பங்கேற்பு நெறிமுறைகளை வெளியிட்டன.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: பயணச் செலவு தருவது ஊதியம் ஆகாது. அறையில் மற்ற எல்லாரும் சம்பளத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள், இவர் மட்டும் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். இதற்கான தொகையை விண்ணப்பம் எழுதும்போதே பட்ஜெட்டில் போடுங்கள், பிறகு தேடினால் கிடைக்காது. பில் கேட்டு மூன்று மாதம் அலையவிடவும் வேண்டாம்.

கடைசியாக, பதில் சொல்லாமல் விடுவது. ஒருவர் கேள்வித்தாளை வரிவரியாகப் படித்துப் பன்னிரண்டு குறிப்புகள் எழுதி அனுப்புகிறார், அதற்குப் பிறகு சத்தமே இல்லை. எட்டை ஏற்றுக்கொண்டோம், நாலை இன்ன காரணத்தால் ஏற்க முடியவில்லை என்று அரைப் பக்கம் எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அது வராததால்தான் அடுத்த முறை கூப்பிடும்போது அவர் போனை எடுப்பதில்லை.