உண்ணி கடிக்காமல் காத்துக்கொள்வது எப்படி?

உண்ணி குதிக்காது, பறக்காது. பலர் நினைப்பதுபோல் மரத்திலிருந்து தலையில் விழுவதும் அரிது. புல் நுனியிலோ தாழ்ந்த புதரின் இலை விளிம்பிலோ பின்கால்களால் பற்றிக்கொண்டு, முன்கால்களை விரித்தபடி அது காத்திருக்கும். அம்முன்கால்களில் உள்ள உணர்வுறுப்பு நம் மூச்சுக்காற்றின் கரியமில வாயுவையும் உடற்சூட்டையும் அறிந்துகொள்ள, நாம் உரசிச் செல்லும் கணத்தில் ஆடையில் தொற்றி மேல்நோக்கி ஏறத் தொடங்கும். எனவே காப்பும் காலிலிருந்தே தொடங்க வேண்டும்.

முழுநீளக் காற்சட்டை அணிந்து அதன் முனையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கு அழகாக இராதுதான். ஆனால் தோலை எட்டும் வழி அடைபடுகிறது. வெளிர்நிறத் துணியில் ஊர்ந்து செல்லும் உண்ணி எளிதில் கண்ணில் படும். நடக்கும்போது புல் மண்டிய ஓரங்களைத் தவிர்த்துப் பாதையின் நடுவே செல்வது நல்லது. 0.5 சதவீத பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி மருந்தை ஆடையிலும் காலணியிலும் முன்கூட்டியே தெளித்து, நன்கு உலர்ந்தபின் அணியலாம். அதைத் தோலில் பூசக்கூடாது, ஈரமாக இருக்கும்போது பூனைகளை அண்டவிடவும் கூடாது. திறந்திருக்கும் தோலுக்கு டீட் அல்லது பிகாரிடின் கலந்த பூச்சிவிரட்டி ஏற்றது.

வீடு திரும்பியபின் செய்யும் சோதனையைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் குளித்துவிட்டு, அக்குள், தொப்புள், இடுப்பு, தொடையிடுக்கு, முழங்காலின் பின்புறம், காதுமடலின் பின்புறம், தலைமுடியின் அடி ஆகிய இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். இளம் உண்ணி கசகசா விதையளவே இருக்கும். கடித்தாலும் வலிக்காது என்பதால் கண்ணை மட்டும் நம்புவது போதாது. அணிந்த ஆடைகளைத் துவைக்கும் முன்பே உலர்த்தும் இயந்திரத்தில் கடுஞ்சூட்டில் 10 நிமிடம் சுழலவிட்டால், ஒளிந்திருப்பவை வறண்டு சாகும்.

ஒட்டியிருந்தால் பதற வேண்டாம். உண்ணிக்கடியால் பரவும் லைம் நோயின் கிருமி உடலுக்குள் இறங்கப் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேலாகும். வேறு சில கிருமிகள் விரைவில் பரவக்கூடும் என்பதால் தாமதிப்பதும் தகாது. கூர்முனை இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து, திருகாமல், சீராக மேல்நோக்கி இழுங்கள். எண்ணெய், நகப்பூச்சு, நெருப்பு எதுவும் வேண்டாம். கடிவாயைச் சோப்பால் கழுவிவிட்டு, கடித்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ பரவும் செந்தடிப்போ தோன்றினால் மருத்துவர் முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.