டிராம்சோவிலிருந்து லாங்இயர்பியனுக்கு எவ்வளவு தூரம்? நீங்களே கணக்கிடலாம்

நார்வேயின் வடபகுதியில் இருக்கிறது டிராம்சோ. அங்கிருந்து கடலைத் தாண்டி இன்னும் வடக்கே போனால் ஸ்வால்பார்ட் தீவுகளின் லாங்இயர்பியன் வரும். வழக்கமான பயணிகள் விமானம் போகும் ஊர்களில் உலகிலேயே வடகோடி இதுதான். இந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கண்டுபிடிக்க ஒரு கால்குலேட்டர் போதும்.

சுவரில் மாட்டும் உலகப் படத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். அந்தப் படங்கள் பெரும்பாலும் துருவப் பகுதிகளை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும்.

படி 1. அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.
டிராம்சோ: வடக்கு 69.68, கிழக்கு 18.92.
லாங்இயர்பியன்: வடக்கு 78.25, கிழக்கு 15.47.

படி 2. அட்சரேகை வித்தியாசம் 8.57 டிகிரி. ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல். பெருக்கினால் 514.

படி 3. புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் தவறுவது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். தீர்க்கரேகை வித்தியாசம் 3.45 டிகிரி. இதையும் 60ஆல் பெருக்கினால் 207 வரும். ஆனால் அது நிலநடுக்கோட்டுக்குத்தான் பொருந்தும். ஒரு பரங்கிக்காயைக் கையில் எடுத்துப் பாருங்கள்: நடுவில் அகலமாக இருக்கும் வரிகள் காம்பை நெருங்க நெருங்க ஒடுங்கிவிடும். பூமியின் தீர்க்கரேகைகளும் அப்படித்தான். நிலநடுக்கோட்டில் ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர். இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில், 74 டிகிரி அட்சரேகையில், 31 கிலோமீட்டர்கூட முழுதாக இல்லை. அதனால் 207ஐ 74 டிகிரியின் கொசைனால் (கால்குலேட்டரில் cos), அதாவது 0.276ஆல், பெருக்குங்கள். 57 கடல் மைல்.

படி 4. பள்ளியில் படித்த பிதாகரஸ்தான். 514, 57 இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 517 கடல் மைல். 1.852ஆல் பெருக்கினால் சுமார் 957 கிலோமீட்டர். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்: கோளத்துக்கான பெரிய சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தாலும் கிட்டத்தட்ட இதே விடைதான். ஆனால் தீர்க்கரேகை வித்தியாசம் அதிகமாக உள்ள ஊர்களுக்கு இந்தக் குறுக்குவழி சரிவராது. அங்கே பெரிய சூத்திரம்தான் வேண்டும்.

படி 5. சரி, நேரம்? ஜெட் விமானத்துக்கு மணிக்கு 830 கிலோமீட்டர் வைத்துக்கொண்டால் 69 நிமிடம். ஏறவும் இறங்கவும் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகவும் அரை மணி நேரம் சேருங்கள். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் அடங்கும். எதிர்க்காற்று மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் இன்னும் 7 நிமிடம் கூடும்.

இரண்டு ஊரிலும் ஒரே கடிகார நேரம்தான், அதில் குழப்பமில்லை. ஆனால் ஸ்வால்பார்ட் ஷெங்கன் பகுதிக்கு (ஒரே விசாவில் சுற்றி வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் தொகுதிக்கு) வெளியே இருப்பதால் டிராம்சோவில் பாஸ்போர்ட் சோதனை உண்டு. அந்த வரிசைக்கும் நேரம் ஒதுக்குங்கள். அப்புறம், இந்திய பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் குறைந்தது இரண்டு முறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை விசாவில் போனால், திரும்பி நார்வேக்குள் வர வழியில்லை.